வாசகர் கேள்விகள்: குழந்தையின் சிந்தனையும் பேச்சும்

கேள்வி: என் மகளுக்கு மூன்று மாதம் ஆகிறது. அவளிடம் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறேன். "அதற்கு என்ன புரியப்போகிறது?" என்று வீட்டில் கேட்கிறார்கள். இதனால் உண்மையில் பயன் உண்டா?

பதில்: நிச்சயமாக உண்டு. மூன்று மாதக் குழந்தைக்குச் சொற்களின் பொருள் புரியாது என்பது சரியே. ஆனால் பொருள் புரிவதற்கு வெகு முன்பே மொழியைக் கற்கும் வேலை தொடங்கிவிடுகிறது. கருவில் இருக்கும் கடைசி மாதங்களிலேயே குழந்தைக்குச் செவி கேட்கிறது. பிறந்து சில நாள்களே ஆன குழந்தைகளின் வாயில் ரப்பர்க் காம்பை வைத்து, ஒரு விதமாகச் சப்பினால் தாயின் குரலும் வேறு விதமாகச் சப்பினால் இன்னொரு பெண்ணின் குரலும் ஒலிக்கும்படி ஆன்டனி டிகாஸ்பர், வில்லியம் ஃபைஃபர் என்னும் இரு ஆய்வாளர்கள் அமைத்தார்கள். தாயின் குரல் வரும் விதத்தையே குழந்தைகள் அதிகம் நாடின என்பதை அவர்கள் 1980-இல் வெளியிட்டார்கள்.

ஒலிகளைப் பிரித்தறிவதில் பச்சிளம் குழந்தை நம்மைவிடக் கூர்மையானது என்றே சொல்லலாம். 'பத்து', 'பட்டு' ஆகிய சொற்களில் நமக்கு எளிதாகக் கேட்கும் தகர, டகர வேறுபாடு, ஆங்கிலம் மட்டுமே பேசும் பெரியவர்களின் காதுக்கு எளிதில் எட்டுவதில்லை. ஆனால் அத்தகைய வீடுகளில் வளரும் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள், இந்தி மொழியில் உள்ள இதே வேறுபாட்டை நன்றாகவே உணர்ந்தார்கள் என்று ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்டு டீஸும் 1984-இல் காட்டினார்கள். பத்து முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் அந்தத் திறன் பெரிதும் மங்கிவிட்டது. தன்னைச் சுற்றிப் பேசப்படும் மொழிக்கு எந்த வேறுபாடு தேவையோ அதில் குழந்தை தேர்ச்சி பெறுகிறது, தேவையற்றதை விட்டுவிடுகிறது. உங்கள் மகள் இப்போது அந்த வேலையில்தான் ஈடுபட்டிருக்கிறாள். அதற்கு வேண்டிய மூலப்பொருள் உங்கள் பேச்சு. பேசியபின் சற்று நிறுத்தி அவள் முகத்தைப் பாருங்கள். 'ஆ', 'ஊ' என்று அவள் எழுப்பும் ஒலியைப் பதிலாக ஏற்று மீண்டும் பேசுங்கள். மாறி மாறிப் பேசுவதே உரையாடல் என்பதை அவள் இப்படித்தான் அறிகிறாள்.

கேள்வி: என் மகனுக்கு ஒரு வயது பத்து மாதம். ஏழெட்டுச் சொற்கள்தான் சொல்கிறான். ஆண் குழந்தைகள் தாமதமாகத்தான் பேசுவார்கள், காத்திரு என்கிறார்கள். வீட்டில் இரண்டு மொழி பேசுகிறோம்; அதுதான் காரணமா?

பதில்: இரண்டு மொழி காரணமல்ல. இரு மொழிகளுக்கிடையே வளரும் குழந்தைக்கு ஒவ்வொரு மொழியிலும் சொற்கள் சற்றுக் குறைவாக இருக்கலாம். இரண்டையும் சேர்த்து எண்ணினால் மற்றக் குழந்தைகளுக்கு அது பின்தங்குவதில்லை. ஆகவே எந்த மொழியையும் நிறுத்தாதீர்கள். பெண் குழந்தைகள் சராசரியாகச் சற்று முந்திப் பேசுவது உண்மை என்றாலும், அந்த வேறுபாடு மிகச் சிறியது. அதை நம்பி ஒரு தாய் மாதக்கணக்கில் காத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அவன் எத்தனை சொல் பேசுகிறான் என்பதைவிட, எவ்வளவு புரிந்துகொள்கிறான் என்பதை முதலில் பாருங்கள். கை காட்டாமல், பொருள் இருக்கும் திசையைப் பார்க்காமல், "பந்தை எடுத்து வா" என்று சொல்லிப் பாருங்கள். நாம் அறியாமலே கண்ணாலும் கையாலும் குறிப்புக் கொடுத்துவிடுவதால், குழந்தைக்கு எல்லாம் புரிகிறது என்று பெற்றோர் நம்பிவிடுவது மிகவும் சாதாரணமாக நடப்பது. அடுத்து, அவன் விரல் நீட்டிக் காட்டுகிறானா என்று கவனியுங்கள். ஓராண்டை நெருங்கும் குழந்தை சுழலும் மின்விசிறியைக் காட்டும், உங்கள் முகத்தைப் பார்க்கும், மீண்டும் மின்விசிறியைப் பார்க்கும். அதற்கு மின்விசிறி வேண்டியதில்லை. தான் பார்ப்பதை நீங்களும் பார்க்க வேண்டும் என்பதே அதன் விருப்பம். இன்னொருவரின் கவனத்தைத் தன் கவனத்தோடு சேர்க்கும் இந்தத் திறன்தான் பின்னர் வரும் பேச்சுக்கு அடிப்படை.

ஓராண்டு முடிந்தும் 'பாபா', 'மாமா' போன்ற மழலை ஒலியோ விரல் காட்டுதலோ இல்லாவிட்டால், பதினாறு மாதத்தில் ஒரு சொல்கூட வராவிட்டால், இரண்டு வயதில் "அம்மா வா" என்பதுபோல இரு சொற்களைத் தானாகச் சேர்க்காவிட்டால், மருத்துவரை அணுகுவதில் தயக்கம் கூடாது. வந்த பேச்சு எந்த வயதில் நின்றுபோனாலும் உடனே காட்ட வேண்டும். உங்கள் மகனுக்குச் செவித்திறன் சோதனையை இப்போதே செய்துவிடுங்கள். கதவு சாத்தும் ஓசைக்குத் திரும்புகிறான் என்பதால் காது நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. உரத்த ஓசை கேட்கும் குழந்தைக்கும் பேச்சின் மெல்லொலிகள் தெளிவின்றிப் போகலாம். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்கு நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்வதாலும் அப்படி நேரும். பிறந்த குழந்தைக்கே தூக்கத்தில் செய்யக்கூடிய, வலியில்லாத சோதனைகள் இருக்கின்றன.

கேள்வி: கைப்பேசியில் பாட்டும் கதையும் பார்த்து ஒரு வயதுக் குழந்தை மொழி கற்றுக்கொள்ளாதா?

பதில்: அந்த வயதில் மிகக் குறைவாகவே கற்கும். பட்ரிஷியா குல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீனம் பேசுவோர் பன்னிரண்டு முறை நேரில் விளையாடிப் பேசினார்கள். அக்குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே ஆட்களை அதே அளவு திரையில் பார்த்த குழந்தைகளோ எதையும் கற்கவில்லை. திரை குழந்தையின் பார்வைக்கும் ஒலிக்கும் பதில் சொல்வதில்லை. இரண்டு வயதுக்குட்பட்டோருக்குத் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. தொலைவில் இருக்கும் தாத்தா பாட்டியோடு காணொளியில் பேசுவது வேறு; அங்கே மறுமொழி கிடைக்கிறது.

கேள்வி: மூன்றரை வயது மகள் விளையாடும்போது தனக்குத்தானே பேசுகிறாள். 'எனக்கு' என்பதை 'நானுக்கு' என்கிறாள். இரண்டையும் திருத்த வேண்டுமா?

பதில்: தனியே பேசுவதைத் தடுக்கவே வேண்டாம். குழந்தையால் பிறர் நிலையிலிருந்து பார்க்க இயலாமையின் அடையாளமாக இதை ஜான் பியாஜே 1923-இல் விளக்கினார். ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி அதை மறுத்தார். வேலைக்கு நடுவே ஏதேனும் தடங்கல் நேரும்போது குழந்தையின் தனிப்பேச்சு பெருமளவு கூடுவதை அவர் சோதித்துப் பார்த்தார். அது குழந்தை தன்னை வழிநடத்தத் தானே செய்யும் சிந்தனை என்பதும், பள்ளி வயதில் அதுவே முணுமுணுப்பாகி மௌனச் சிந்தனையாக உள்ளே போகிறது என்பதும் அவர் முடிவு. பின்வந்த ஆய்வுகள் பெரும்பாலும் அவர் பக்கமே நிற்கின்றன. கட்டைகளை அடுக்கும் உங்கள் மகள் "பெரிசு கீழே... இல்லை, இது விழும்" என்று சொல்லும்போது அவள் திட்டமிடுவதை நீங்கள் காதால் கேட்கிறீர்கள்.

'நானுக்கு' என்பதை அவள் யாரிடமும் கேட்டிருக்கமாட்டாள். 'அவனுக்கு', 'தம்பிக்கு' என்பவற்றிலிருந்து விதியைத் தானே கண்டெடுத்து 'நான்' என்பதோடு பொருத்தியிருக்கிறாள். தாங்கள் ஒருபோதும் கேட்டிராத, புனைந்த பெயர்ச்சொற்களுக்குக்கூடக் குழந்தைகள் பன்மை விகுதியைச் சரியாகச் சேர்ப்பதை ஜீன் பெர்கோ 1958-இல் நிறுவினார். அதே திறன்தான் இதுவும். "தப்பு, சரியாகச் சொல்" என்று நிறுத்தினால் அவள் சொல்லவந்தது பாதியில் அறுந்துபோகும். கேட்டதைக் கொடுத்துவிட்டு, "எனக்கும் ஒன்று தருகிறாயா?" என்று இயல்பாகக் கேளுங்கள். சரியான வடிவம் பலமுறை காதில் விழ விழ, பழையது தானாக நின்றுவிடும்.