பவளமும் பாரும்

அன்புள்ள ஐயா,

கடல் அமிலமாதல் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். இரண்டு சந்தேகங்கள். நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுப்பவன். பிஹெச் 8.1 உள்ள நீரை அமிலம் என்று என் மாணவன் எழுதினால் மார்க் போட மாட்டேன். நீங்கள் எழுதலாமா? அடுத்து, டைனோசர் காலத்தில் காற்றில் கார்பன் டை ஆக்சைடு இன்றைவிட அதிகம். அப்போதும் பவளங்கள் இருந்திருக்கின்றன. ஜீனை மாற்றிக்கொண்டு இப்போதும் பிழைத்துவிடாதா? எதற்கு இவ்வளவு பயமுறுத்தல்?

செ. முருகவேள், தூத்துக்குடி

அன்புள்ள முருகவேள்,

முதல் கேள்வியில் பாதி வெற்றி உங்களுக்கு. பிஹெச் 7க்கு மேல் காரம், கீழே அமிலம்; கடல் இன்னும் காரம்தான். ஆனால் சாயங்காலம் ஐந்தரைக்கே ‘இருட்டுகிறது’ என்கிறோம், இருட்டிவிட்டது என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. காற்றின் கார்பன் டை ஆக்சைடு கரையக் கரையக் கடலின் பிஹெச் இறங்குவதற்கு வைத்த ‘அமிலமாதல்’ என்ற பெயரும் போகிற திசையைச் சொல்லும் சொல்தான். தொழிற்புரட்சிக்கு முன் 8.2 அளவில் இருந்தது இன்று 8.1. இது மடக்கை அளவுகோல் என்று உங்களுக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். இருந்தாலும் மற்ற வாசகர்களுக்காக: பிஹெச் ஒரு புள்ளி இறங்கினால் அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனிகள் பத்து மடங்காகும்; இந்த 0.1க்கே அவை கால் பங்குக்கு மேல் கூடிவிட்டன.

டைனோசர் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். அன்றைய மாற்றம் லட்சக்கணக்கான ஆண்டுகளில் நடந்தது. பாறைகள் கரைந்து கடலுக்குக் கார்பனேட்டைக் கொண்டுவந்து சேர்க்க அவகாசம் இருந்தது. இன்று இருநூறு சொச்சம் ஆண்டுகள்தான்.

‘ஜீனை மாற்றிக்கொண்டு’ என்ற இடத்தில்தான் எனக்குச் சண்டை. பவளம் கல் கட்டுவது நேரடியாகக் கடல்நீரில் அல்ல. பாலிப் என்னும் சின்னப் பவள உயிரின் அடித்தோலுக்கும் அது கட்டும் கல்லுக்கும் நடுவே மெல்லிய படலமாக ஒரு திரவம் இருக்கிறது. ஒரு புரதப் பம்பு கால்சியத்தை அதற்குள் இழுத்துக்கொண்டு ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளுகிறது. எஸ்எல்சி4 காமா என்ற இன்னொரு புரதம், கல்லுக்கு மூலப்பொருளான பைகார்பனேட்டுக்கு வாசல். இப்படி அந்தத் திரவத்தின் பிஹெச் எப்போதும் வெளிக்கடலைவிட மேலேயே வைக்கப்படுகிறது. வெளியே பிஹெச் இறங்க இறங்க, நீர்மட்டம் இறங்கிய கிணற்றில் மோட்டார் திணறுவது போல இந்தப் பம்பு திணறும். கரண்ட் பில் கட்ட வேண்டியது பவளம்தான், தன் சாப்பாட்டிலிருந்து.

மொனாக்கோ ஆய்வகத் தொட்டிகளில் ஸ்டைலோஃபோரா பிஸ்டிலாட்டா என்ற பவளத்தை 8.0, 7.8, 7.4, 7.2 என நான்கு பிஹெச்களில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வளர்த்துப் பார்த்தார்கள். 7.2லும் அது சாகவில்லை. கிளைகளின் நீள வளர்ச்சி குறையவில்லை. பாலிப் உட்காரும் குழிகள் பெரிதாயின, ஆனால் கல்லுக்குள் ஓட்டைகள் கூடிவிட்டன. சிமெண்டைக் குறைத்துச் சுவரை அதே உயரத்துக்கு எழுப்பும் கான்ட்ராக்டரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2018இல் வந்த தொடர் ஆய்வு இதே பவளங்களின் டிஎன்ஏவைப் பார்த்தது. எழுத்துகள் மாறியதால் வந்ததல்ல இது. எழுத்துகளின் மேல் ஒட்டும் மெத்தில் என்ற வேதிக் குறிகள் இடம் மாறியிருந்தன, செல் பிரிதலையும் உடலளவையும் கவனிக்கும் ஜீன்களில் உட்பட. அதாவது புத்தகம் அதேதான், பென்சில் அடிக்கோடுகள்தான் வேறு. ஒரே உயிர் தன் ஆயுளுக்குள் செய்துகொள்ளும் சரிக்கட்டல் இது. நீங்கள் சொல்லும் பரிணாமம் தலைமுறை தலைமுறையாகச் சலித்தெடுப்பது. இரண்டையும் ‘தகவமைதல்’ என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்பியதில் என்னைப் போல எழுதுகிறவர்களுக்கும் பங்குண்டு.

சரி, நீண்ட காலம் விட்டால் என்ன ஆகும்? பாப்புவா நியூ கினியின் மில்ன் விரிகுடாவில் கடலடி எரிமலை வாய்களிலிருந்து கார்பன் டை ஆக்சைடு குமிழ் குமிழாக வந்துகொண்டே இருக்கிறது. 2011இல் வெளியான ஆய்வின்படி, 7.8 பிஹெச்சில் உருண்டைப் பாறை போன்ற போரைட்டஸ் பவளங்கள் தாக்குப்பிடிக்கின்றன. கிளைவிடும் வகைகள் அருகிவிட்டன. 7.7க்குக் கீழே பாரே உருவாகவில்லை. (பவளக் கல் சேர்ந்து எழும் கடலடித் திட்டு; உங்கள் ஊர்க் கடலோடிகள் சொல்லும் அதே ‘பார்’தான்.) ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே வந்து ஒட்டும் பவளக் குஞ்சுகளில் பல வெளியே சாதாரணக் கடலிலிருந்து மிதந்து வருபவையாக இருக்கலாம். அதனால் இதைப் பரிணாமத்துக்கு வைத்த முழுப் பரீட்சை என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் கட்சிக்கு ஆகச் சிறந்த சாட்சியை நானே தருகிறேன். 2007இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் ஃபைன், செர்னோவ் இருவரும் மத்தியதரைக் கடலின் இரண்டு பவள இனங்களை 7.3 முதல் 7.6 வரையிலான நீரில் ஓராண்டு வைத்தார்கள். கல் முழுக்கக் கரைந்துபோனது. பாலிப்கள் சாகவில்லை. கூட்டைத் தொலைத்துவிட்டு, கடல் சாமந்திகள் போல அம்மணமாக நின்றன, சதை மட்டும். சாதாரண நீருக்குத் திருப்பியதும் மறுபடி கல் கட்டத் தொடங்கின! பழைய பேரழிவுகளைப் பவளங்கள் இப்படித்தான் கடந்திருக்கலாம் என்றார்கள். இருக்கலாம். ஆனால் மீன் ஒளிவது பாலிப்பின் சதைக்குள் அல்ல, அது கட்டிய கல்லின் இடுக்கில். மன்னார் வளைகுடாத் தீவுகளில் அலை மோதி உடைவதும் அந்தக் கல்லில்தான். நீங்கள் பவளம் பிழைக்குமா என்று கேட்கிறீர்கள். எனக்கு வேண்டியிருப்பது பார்.

கடைசியாக, வகுப்பில் சொல்ல ஒன்று. அந்தப் பைகார்பனேட் வாசல் உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா என்று பார்க்க, ஜீனை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையில் அக்ரோபோரா மில்லெபோரா என்ற பவளத்தின் கருவில் அந்த ஜீனைக் கெடுத்துப் பார்த்தார்கள்; முடிவு 2023இல் வெளிவந்தது. அந்த இளம் பவளங்களால் ஒழுங்காகக் கல் கட்ட முடியவில்லை. இந்த வேலையில் பெரிய சங்கடம் ஜீன் அல்ல, காலண்டர். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் இந்தப் பவளம் முட்டை விடுவது பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரே முறை, பௌர்ணமி கழிந்த சில இரவுகளில். கரு செல் செல்லாகப் பிரிந்துகொண்டே போவதற்குள் கிரிஸ்பர் ஊசியைப் போட்டு முடிக்க வேண்டும். அந்த இரவுகளில் கை நடுங்கினால், அடுத்த வருஷம்தான்.