பவுடரில் செய்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புஷ் சீக்கிரம் தேய்வதற்கு அதிலுள்ள துளைகள்தான் காரணமா?

உங்கள் புஷ் (ஷாஃப்ட் உள்ளே சுழலும் வளையம்) பவுடரை அழுத்திச் சின்டர் செய்த, அதாவது உருகாத அளவுக்குச் சூடாக்கி ஒட்டவைத்த 316எல், ஷாஃப்டும் 316 (இரண்டும் ஏறக்குறைய ஒரே வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் துளைகளைக் குறை சொல்வதற்கு முன்னால் ஷாஃப்டைக் கவனியுங்கள்.

இதே ஜோடியை ஒரு டோசிங் பம்ப்பில் (திரவத்தை அளந்து செலுத்தும் பம்ப்) போட்டுப் பட்டவன் நான். இரண்டாம் நாளே கிறீச்சென்று சத்தம், அப்புறம் ஷாஃப்ட் அப்படியே பிடித்துக்கொண்டது. கழற்றினால் புஷ்ஷின் உலோகம் பிய்ந்து ஷாஃப்டில் கட்டி கட்டியாக ஒட்டியிருந்தது. "பவுடர் பீஸ் அப்படித்தான்" என்றார்கள். மனம் ஒப்பவில்லை. அதே அளவில், துளையில்லாத கெட்டி ராடிலிருந்து கடைந்த புஷ்ஷைப் போட்டு ஓட்டினேன், அதுவும் பிடித்தது, இன்னும் சீக்கிரமாகவே. துருவைத் தடுக்கும் குரோமியம் ஆக்சைடு படலம் சில நானோமீட்டர் கனம்தான். உரசலில் அது கிழிந்ததும் இரண்டு பக்கமும் ஒரே மென்மையான உலோகம், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிய்கிறது. பவுடரோ ராடோ, இதில் வித்தியாசமில்லை.

சரி, உரசலைக் குறைக்கப் பவுடர் புஷ்ஷின் துளைகளில் ஏற்றியிருந்த எண்ணெய் ஏன் காப்பாற்றவில்லை? மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோதுதான் தெரிந்தது: உள்விட்டத்தை மழுங்கிய ரீமரால் (உள்ளளவைச் சீவிச் சரிசெய்யும் டூல்) முடித்ததில் உலோகம் இழுபட்டுத் துளைகளின் வாய்களை மூடியிருந்தது. எண்ணெய் உள்ளேயே இருந்தது, வெளியே வர வழியில்லை. கூர்மையான கார்பைடு டூலால் கடைந்து, திரும்ப எண்ணெய் ஏற்றி, ஷாஃப்டுக்கு ஹார்டு குரோம் (கடினமான குரோமியப் பூச்சு) பூசிய பிறகு அந்தத் தொல்லை வரவில்லை.

துளையே நல்லது என்று நான் சொல்வதாகச் சண்டைக்கு வராதீர்கள். சுமை அதிகமானால் துளையின் ஓரத்தில்தான் விரிசல் தொடங்கும், உப்புத் தண்ணீர் உள்ளே தங்கினால் அரிப்பும் அங்கேதான். ஹார்ட்னஸ் (கடினம்) குறைவு என்று மட்டும் பீஸைத் தள்ளாதீர்கள் என்கிறேன். ராக்வெல் சோதனையில் முனையால் குத்திக் கடினம் அளக்கும்போது துளையும் சேர்ந்து அமுங்குவதால் எண் குறைவாக வரும், துகளின் உண்மையான கடினம் மிகச் சிறிய முனையால் துகளில் மட்டும் குத்தும் மைக்ரோ ஹார்ட்னஸில்தான் தெரியும்.

இதையெல்லாம் மூன்று வாரம் உட்கார்ந்து படங்களோடு அறிக்கையாக எழுதிக் கொடுத்தேன். கூட்டத்தில் அதைக் காட்டியபோது முதல் பக்கத்தில் வேறொருவர் பெயர், மைக்ராஸ்கோப் பக்கமே வராதவர். வருடங்கள் ஆகியும் ஆறவில்லை. யாருக்காவது அறிக்கை எழுதினால் ஒவ்வொரு பக்கத்திலும் உங்கள் பெயரைப் போடுங்கள்.

தேய்ந்த இடத்தைப் படமெடுத்துப் போடுங்கள். கட்டியாக ஒட்டியிருந்தால் நான் சொன்ன கதைதான். செம்பழுப்புப் படிவு (துரு) தெரிந்தால், நைட்ரஜன் கலந்த வாயுவில் சின்டர் செய்து மெதுவாக ஆறவிட்டார்களா என்று செய்தவரிடம் கேளுங்கள். குரோமியம் நைட்ரஜனோடு சேர்ந்து நைட்ரைடாகப் பிரிந்துபோனால், காக்கும் படலத்துக்குக் குரோமியம் போதாமல் 316எல்லும் துருப்பிடிக்கும்.