படத்துக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள்?

கேள்வி: நாங்கள் இருக்கும் இடத்தில் சிறுபான்மைக் குடும்பங்களைப் பற்றிக் கண்டபடி பேசுகிறார்கள். அவர்களுடைய ஓவியம், புகைப்படங்களை வைத்து ஒரு கண்காட்சி நடத்தலாம் என்று இருக்கிறோம். படத்தைப் பார்த்தால் மனசு மாறிவிடுமா?

பதில்: மாட்டிவிட்டுப் போனால் மாறாது. திறப்பு விழாவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே நம் பக்கம் இருப்பவர்கள்தான், வரவேண்டிய ஆள் வாசலைக்கூட எட்டிப் பார்க்க மாட்டார். கோர்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954-லேயே சொன்ன விஷயம் இது: இரண்டு தரப்பும் அக்கம்பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது, சமமான நிலையில் ஒரே காரியத்துக்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், பொறுப்பில் இருப்பவர்களின் ஆதரவும் வேண்டும். 2006-ல் பெட்டிக்ரூ, டிராப் என்ற உளவியலாளர்கள் இருவரும் ஐந்நூறுக்கு மேற்பட்ட ஆய்வுகளை அலசிப் பார்த்தார்கள். நெருங்கிப் பழகினால் பெரும்பாலும் வெறுப்பு குறைகிறது, ஆல்போர்ட் கேட்டதெல்லாம் அமைந்தால் இன்னும் நன்றாகவே குறைகிறது என்று தெரிந்தது.

அதனால் கண்காட்சி நடக்கிற மூன்று நாளைவிட அதற்கு முந்தைய மூன்று மாதத்தைத்தான் நான் பெரிதாக நினைப்பேன். ஒருவர் ஏணியைப் பிடிக்க, இன்னொருவர் ஆணி அடிக்க, கீழே நிற்பவர் "இடது பக்கம் கொஞ்சம் இறக்குங்க, இன்னும் கொஞ்சம், ஐயோ அதிகமாப் போச்சு" என்று கத்துகிறாரே, நீங்கள் தேடுகிற பழக்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. வாயால் வம்பு பேசுகிறவரையே கூப்பிட்டு ஏணியைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

அதற்காகப் படத்துக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. 2007-ல் ஜேஆர் என்ற பிரெஞ்சுக் கலைஞரும் மார்க்கோ என்பவரும் ஒரே தொழில் செய்கிற இஸ்ரேலியர் ஒருவர், பாலஸ்தீனர் ஒருவர் என்று ஜோடி ஜோடியாகப் படம் எடுத்து, பெரிது பண்ணி, அவர்களைப் பிரிக்கிற சுவரிலேயே ஒட்டினார்கள். எல்லாரும் முகத்தைக் கோணலாக்கிச் சேட்டை செய்துகொண்டிருப்பார்கள். டாக்ஸி ஓட்டுகிற இருவரில் யார் எந்தப் பக்கம் என்று கேட்டால் பார்த்தவர்கள் பலருக்குச் சொல்லத் தெரியவில்லை. சுவர் அப்படியேதான் நிற்கிறது, சரி. அந்தத் திணறலை வேறு எப்படி வரவழைப்பீர்கள்?

கேள்வி: அந்தச் சிறுபான்மைக் குடும்பங்களின் வாழ்க்கையை வெளியாள் வரையலாமா?

பதில்: வரையலாம். ஆனால் எதை மாட்டுவது, கீழே என்ன எழுதுவது என்பது அவர்கள் கையில் இருக்கட்டும். 1937-ல் மியூனிக்கில் நாஜிகள் 'சீர்கெட்ட கலை' என்று ஒரு கண்காட்சி வைத்தார்கள். அறுநூறுக்கு மேற்பட்ட படைப்புகள், மெனக்கெட்டுக் கோணல்மாணலாக மாட்டி, சுவரெல்லாம் கிண்டல் வாசகம். பல நல்ல ஓவியங்கள்தாம், விஷம் இருந்தது அந்த வாசகங்களில். நல்ல எண்ணத்தோடு எழுதுகிற வரியும் காலை வாரிவிடும். "வறுமையிலும் சிரிக்கும் எளிய மக்கள்" என்று எழுதினால் பார்ப்பவர் 'ச்சு' கொட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். "என் பெரியம்மா. போட்டோ எடுக்காதே என்று திட்டியபோது எடுத்தது" என்று எழுதிப் பாருங்கள், நின்று பார்ப்பார்.

கேள்வி: வரையவே தெரியாதவர்கள்?

பதில்: தைக்கச் சொல்லுங்கள். எய்ட்ஸ் என்றாலே ஒதுக்கிவைத்த காலத்தில், 1987 அக்டோபரில், வாஷிங்டன் புல்வெளியில், அந்த நோயில் இறந்தவர்களின் நினைவாகத் தைத்த 1,920 துணித் துண்டுகளை விரித்தார்கள். ஒவ்வொன்றும் ஆறடிக்கு மூன்றடி, ஒரு கல்லறையின் அளவு. இறந்தவரின் பெயரைத் தைத்தவர்களில் பலர் அதற்கு முன் ஊசியே தொடாதவர்கள்.