காய்ச்சலுக்குப் பிறகு டி-டைமர் கூடுதல்: அப்பாவுக்கு ஆஸ்பிரின் கொடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது, சர்க்கரை உண்டு. பரிசோதனையில் இன்ஃப்ளூயன்சா என்று வந்து, காய்ச்சல் விட்டுப் பத்து நாளாகிறது. லேபில் டி-டைமர் 780 என்கிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் போடச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். போடலாமா?

பதில்: நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். ஏற்கெனவே டாக்டர் எழுதிக்கொடுத்துச் சாப்பிட்டு வருகிறார் என்றால் நிறுத்தவும் வேண்டாம்.

உறைந்த ரத்தம் கரையும்போது மிஞ்சுகிற துணுக்குதான் டி-டைமர். காய்ச்சல் வந்தாலும் ஏறும், வயதானாலும் ஏறும். லேப் தாளில் எல்லை 500 என்று இருக்கும், ஆனால் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கிப் பார்ப்போம், அப்பாவுக்கு அது 620. 780 கொஞ்சம் கூடுதல்தான். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு காலில் மட்டும் வீக்கம் எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் காய்ச்சலின் மிச்சம்தான்.

அதற்காக உங்கள் பயம் வீண் இல்லை. கனடாவின் ஒன்டாரியோவில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், இன்ஃப்ளூயன்சா உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு ஆறு மடங்கு கூடியிருந்தது. கொரோனாவிலும் முதல் சில வாரங்கள் அப்படித்தான். ரத்தக்குழாயின் உள்பூச்சு நன்றாக இருக்கும்வரை ரத்தத்தை உறைய விடாது. கிருமியால் உடம்பே கொதிக்கும்போது அந்தப் பூச்சு புண்ணாகிறது, பல வருடமாகப் படிந்திருந்த கொழுப்பு வெடிக்கிறது, வெடித்த இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்கிறது. இதயத்தில் அடைத்தால் மாரடைப்பு, மூளையில் அடைத்தால் பக்கவாதம்.

இந்த வாரமே டாக்டரிடம் காட்டி இசிஜி எடுங்கள், நாடி சீராக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். துடிப்பு தாறுமாறாக இருந்தால் இதயத்திலேயே ரத்தம் கட்டி மூளைக்குப் போய்விடலாம். அப்புறம், சர்க்கரைக்காரர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம். திடீரென்று வியர்த்துக் கொட்டி மூச்சு வாங்கினால் தயவுசெய்து ‘கேஸ்’ என்று சோடா கொடுத்து உட்கார வைக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

பக்கவாதம் சத்தமில்லாமல் வரும். பிட்ட இட்லி விரலிலிருந்து நழுவும், சட்டைப் பொத்தான் போட வராது, வாய் ஒரு பக்கம் கோணும், பேச்சு குழறும். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு, சிடி ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். உறைவைக் கரைக்கிற ஊசியை அந்த மணியிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். வழியிலும் ஆஸ்பிரின் வேண்டாம், அடைப்பா ரத்தக்கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.