சமீபத்தில் நீங்கள் அதிகம் கேட்கும் இசை எது? அதோடு இணையத்தில் படிக்கத் தகுந்த ஆன்மிக வாசிப்பு ஏதாவது சொல்ல முடியுமா?

இரண்டு கேள்விக்கும் சேர்த்து ஒரே பதில்: தேவாரம், அதாவது சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் சிவன்மேல் பாடிய பாட்டுகள். கோயில்களில் தேவாரம் பாடும் ஓதுவார்கள் பண்ணோடு (பழந்தமிழ் ராகத்தோடு) பாடிய பதிவைக் காதில் போட்டுக்கொண்டு, அதே பதிகத்தின் (பெரும்பாலும் பத்துப் பதினோரு பாட்டுக் கொண்ட ஒரு தொகுதி) எழுத்தை உரையோடு திரையில் திறந்து வைத்துக்கொள்வது. பாட்டை மட்டும் கேட்டால் இரண்டாவது அடியிலேயே சொல் பிடிபடாமல் போய்விடும். எழுத்தை மட்டும் படித்தால் நாலாவது பாட்டில் கொட்டாவி வரும். சேர்த்து வைத்தால் இரண்டு குறையும் தீர்கிறது.

முதலில் பதிவைத் தேர்ந்தெடுப்பது. யூடியூபில் 'தேவாரம்' என்று மட்டும் தேடினால் மேலே வந்து நிற்பவை பெரும்பாலும் கீபோர்டும் ரிதம் பேடும் சேர்த்த மூன்று, நான்கு நிமிடப் பாட்டுகள். கேட்க இதமாக இருக்கலாம். ஆனால் அவற்றில் பலவும் பதிகத்தின் முதல் பாட்டு, நடுவில் பிரபலமான ஒன்று, கடைசிப் பாட்டு என்று மூன்றோடு முடித்துக்கொள்கின்றன. நான்கு அடி கொண்ட 11 பாட்டையும் நிதானமாகப் பாடினால் பத்து நிமிடத்துக்குக் குறையாது. ஆகவே பதிவின் நீளத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். தேடும்போது பதிகத்தின் முதற்சொற்களோடு 'ஓதுவார்', 'முழுப் பதிகம்' என்று சேர்த்துப் போடுங்கள். தொடங்குபவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் குரல் தருமபுரம் ப. சுவாமிநாதன். சொல் உடையாது, சங்கதிகளைக் குவித்துப் பொருளை மறைக்க மாட்டார். சுருதியும் தாளமும் போதும் என்று பாடுகிற மரபு அது. கச்சேரி வித்வான்கள் விருத்தமாகப் பாடும் தேவாரம் வேறு வகை. அதில் ராகம்தான் முன்னால் நிற்கும், பதிகத்தின் கட்டளை, அதாவது சந்த அமைப்பு, தெரியாது. அதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

தாளமே இல்லாத பதிவு கிடைத்தால் குறை என்று ஒதுக்கிவிடாதீர்கள். தாளத்தோடு பாடுவதைப் பண்ணாங்கம் என்றும், தாளம் இல்லாமல் பாடுவதைச் சுத்தாங்கம் என்றும் ஓதுவார்கள் சொல்வார்கள். அப்பரின் தாண்டகம், விருத்தம் என்ற பாடல் வகைகளைச் சுத்தாங்கமாகத்தான் பாடுவது வழக்கம்.

பதிவு முழுமையானதா என்று சரிபார்க்கச் சம்பந்தர் பதிகங்களில் ஒரு சுலபமான வழி உண்டு. எட்டாவது பாட்டில் இராவணன் வருவான். ஒன்பதாவதில் திருமாலும் பிரமனும். பத்தாவதில் சமணரும் புத்தரும். பதினோராவது திருக்கடைக்காப்பு, அதில் சம்பந்தர் தம் பெயரையோ ஊரையோ வைத்து, பாடினால் என்ன பலன் என்று சொல்லி முடிப்பார். எல்லாப் பதிகத்திலும் இது பிசகாமல் அமைந்திருக்காது, ஆனாலும் பெரும்பாலும் கைகொடுக்கும். உரைத் தளத்தில் ஏழாம் பாட்டின் இடத்தில் 'இப்பதிகத்தில் இச்செய்யுள் சிதைந்துபோயிற்று' என்பது போன்ற குறிப்பைப் பார்த்தால் தளத்தின் தவறு என்று நினைக்க வேண்டாம். ஏட்டிலேயே போய்விட்டது.

எங்கிருந்து தொடங்குவது என்றால், பலரும் சைவப் பாடல் தொகுப்பான திருமுறையின் வரிசைப்படி 'தோடுடைய செவிய'னில் ஆரம்பித்து, ஒன்றாம் திருமுறை பாதி தாண்டுவதற்குள் விட்டுவிடுகிறார்கள். மூன்று திருமுறை சம்பந்தர், அடுத்த மூன்று அப்பர், ஏழாவது சுந்தரர் என்ற அடுக்கு நூலகத்துக்கு நல்லது, காதுக்கு உதவாது. பண் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு பதிகத்தின் தலைப்பிலும் பண்ணின் பெயர் இருக்கும். இன்று ஓதுவார்கள் அதைப் பாடும் ராகம் தெரிந்தால் மனநிலைக்குத் தக்கபடி எடுக்கலாம்: நட்டபாடை என்றால் நாட்டை, பழம்பஞ்சுரம் சங்கராபரணம், தக்கராகம் காம்போதி, கௌசிகம் பைரவி, புறநீர்மை பூபாளம், அந்தாளிக்குறிஞ்சி சாமா, செந்துருத்தி மத்யமாவதி, மேகராகக்குறிஞ்சி நீலாம்பரி. ஊருக்கும் பாடசாலைக்கும் ஏற்ப ஓரிரண்டு மாறும், பெரும்பாலும் இதுதான்.

இப்போதைக்கு அதிகம் கேட்பது இந்தக் கடைசிப் பண்ணில் உள்ள 'புலனைந்தும் பொறிகலங்கி'. திருவையாற்றுப் பதிகம், திருமுறை எண் 1.130 (ஒன்றாம் திருமுறையில் 130ஆம் பதிகம்). நீலாம்பரி என்றால் தாலாட்டு என்றே பழகிய காதுக்கு இது முதலில் திகைப்பைத் தரும். காரணம், முதல் இரண்டு அடி சாவுப் படுக்கை: ஐம்புலனும் கலங்கி, வழி மயங்கி, அறிவு அழிந்து, கோழை மேலே ஏறி நெஞ்சடைக்கும் நேரம். அந்த நேரத்தில் 'அஞ்சாதே' என்று சொல்பவன் இருக்கும் ஊர் எது என்று கேட்டு, பின் இரண்டு அடியில் சட்டென்று ஊருக்குள் நுழைந்துவிடுகிறார். கோயிலை வலம் வரும் பெண்கள் ஆடுகிறார்கள், முழவு அதிர்கிறது. அந்த ஓசையை இடி என்று எண்ணி, மழை வந்துவிடுமோ என்று பயந்த சில மந்திகள் மரத்தில் ஏறி மேகம் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்கின்றன. மரணத்திலிருந்து குரங்குக்கு நாலே அடியில் வந்துவிடும் இந்தத் தாவலை உரை இல்லாமல் கேட்டுப் பிடிப்பது கடினம். உரையைப் படித்துவிட்டு மறுபடி கேளுங்கள். 'முழவதிர' வரும் இடத்தில் நல்ல ஓதுவார் குரலில் ஒரு சின்ன அழுத்தம் கொடுப்பார். மேகராகக்குறிஞ்சி மழை வேண்டிப் பாடும் பண் என்பது கோயில் வழக்கம். அதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த மந்திகள் இன்னும் சுவையாகிவிடும்.

இரண்டாவது, 'வேயுறு தோளிபங்கன்' என்று தொடங்கும் கோளறு பதிகம், 2.85. இது எல்லார் வீட்டிலும் ஓடுகிற பதிகம், அதனாலேயே சரியாகப் படிக்கப்படாத பதிகமும் கூட. பண் பியந்தைக்காந்தாரம், பாடுவது நவரோஜில். நவரோஜ் மந்தர (கீழ் ஸ்தாயி) பஞ்சமத்தில் தொடங்கி மத்திய ஸ்தாயி பஞ்சமத்தோடு நின்றுவிடும் ராகம், மேல் ஷட்ஜத்துக்கு ஏறவே வேண்டாம். கூடவே பாடிப் பழக நினைப்பவர்களுக்கு இதைவிடத் தோதானது இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வழக்கமாகப் பாடும் சுருதியிலேயே தொடங்கினால் கீழ்ப் பஞ்சமம் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். அரைக் கட்டை, ஒரு கட்டை கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பதிகத்தில் உரை தேவைப்படும் இடம் இரண்டாம் பாட்டு. ஒன்பது, ஒன்று, ஏழு, பதினெட்டு, ஆறு என்று எண்களாக வருவது காதுக்கு ஏதோ மந்திரக் கணக்கு மாதிரி கேட்கும். அவை நட்சத்திர எண்கள். அசுவினியிலிருந்து எண்ணினால் ஒன்பதாவது ஆயில்யம், ஒன்பதோடு ஒன்று பத்து, மகம். ஒன்பதோடு ஏழு பதினாறு, விசாகம். பதினெட்டாவது கேட்டை, ஆறாவது திருவாதிரை. எல்லாம் பயணத்துக்கு ஆகாதவை என்று ஒதுக்கிய நாள்கள். பதிகம் பிறந்த சூழலும் அதுதான். பாண்டிய அரசி மங்கையர்க்கரசியார் அழைப்பின் பேரில் மதுரைக்குப் புறப்பட்ட சம்பந்தரை, திருமறைக்காட்டில், நாளும் கோளும் சரியில்லை என்று அப்பர் தடுக்கிறார். அதற்கு மறுமொழிதான் இந்தப் பதினோரு பாட்டும். எந்தக் கோளுக்கும் பரிகாரம் செய்யச் சொல்லும் பாட்டல்ல, கோளையே பொருட்படுத்தாத பாட்டு. வாட்ஸ்அப்பில் 'இத்தனை நாள் படித்தால் இந்தக் கிரகம் விலகும்' என்ற குறிப்போடு வருவதைப் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

இனி எழுத்து எங்கே கிடைக்கும் என்பது. 'தேவாரம் டாட் ஆர்க்' தளத்தில் பன்னிரு திருமுறையும் தருமபுரம் ஆதீன வெளியீட்டின் பொழிப்புரை, குறிப்புரையோடு இருக்கிறது. முதல் வாசிப்புக்கு இது போதும். 'சைவம் டாட் ஆர்க்' தளத்தில் தலம், பண், முதற்குறிப்பு என்று பல வழியில் தேடலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உரை இல்லாத மூலம் மட்டும் இருக்கிறது. இறக்கி வைத்துக்கொள்ள அதுவே வசதி. ஆராய்ச்சிப் பக்கம் நாட்டம் உள்ளவர்களுக்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் மின் தேவாரம் இருக்கிறது. ஆங்கிலச் சொற்பொருளும் பாடல் பெற்ற தலங்களின் வரைபடமும் அதில் உண்டு.

தேடும்போது சிக்குவது பெரும்பாலும் சொற்பிரிப்பால். 'வேயுறு தோளிபங்கன்' ஒரு தளத்தில் சேர்ந்தும் இன்னொன்றில் 'வேய் உறு தோளி பங்கன்' என்று பிரிந்தும் இருக்கும். முழு அடியையும் போட்டுத் தேடினால் ஒன்றும் வராது. பதிக எண்ணைப் போடுங்கள், அல்லது ஒரே ஒரு அபூர்வமான சொல்லைப் போடுங்கள். மூலத்தைச் சீர் பிரித்து அச்சிட்ட பதிப்பில் 'புகுந்த வதனால்' என்று இருக்கும், அது 'புகுந்த அதனால்'. இந்த மாதிரி இடங்களைப் பதம் பிரித்த பாடத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டுப் பிறகு பாடிப் பழகுவது நல்லது. தவறாக மனப்பாடம் ஆகிவிட்டால் பிறகு நாக்கு திரும்பாது.

பழைய தளங்களில் எழுத்துக்குப் பதில் புரியாத குறிகள் வந்தால் அது திஸ்கி அல்லது வேறு பழைய குறியாக்கம். அந்தப் பக்கத்தோடு போராடாமல் அதே பதிகத்தின் யூனிகோடு பிரதியை வேறு தளத்தில் எடுத்துவிடுங்கள். செல்பேசியில் நீண்ட அடிகள் மடங்கி நான்கு அடிப் பாட்டு ஏழெட்டு வரியாகத் தெரியும். எங்கே அடி முடிகிறது என்று தெரியாமல் பாட்டோடு ஓட முடியாது. திரையைப் படுக்கை வாட்டில் திருப்புங்கள்.

எப்படிப் படிப்பது என்றால், ஒரு வாரத்துக்கு ஒரு பதிகம் போதும். முதலில் எழுத்தைப் பார்க்காமல் முழுதும் ஒரு தடவை கேளுங்கள். அடுத்து எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள், உரையைத் தொடாமல். அதன் பிறகு நாளுக்கு இரண்டு பாட்டின் உரை. உரையை முதலிலேயே படித்துவிட்டால் பாட்டு, பொருளுக்கு விளக்கம் மாதிரி ஆகிவிடுகிறது. ஓசை முதலில் உள்ளே போக வேண்டும்.

வீட்டில் இளையவர்களுக்குத் தேவாரம் உடனே பிடிக்காமல் போகலாம். அவர்களுக்கு 2005இல் இளையராஜா சிம்பொனி வடிவில் தந்த திருவாசகம் நல்ல வாசல். அதில் உள்ள ஆறு பாட்டும் திருவாசகத்தின் வெவ்வேறு பகுதிகள். 'பொல்லா வினையேன்' சிவபுராணத்தில், 'முத்து நற்றாமம்' திருப்பொற்சுண்ணத்தில், 'பூவேறு கோனும்' திருக்கோத்தும்பியில், 'புற்றில்வாழ் அரவும்' அச்சப்பத்தில், 'உம்பர்கட்கரசே' பிடித்த பத்தில், 'பூவார் சென்னி' யாத்திரைப் பத்தில். கேட்ட பாட்டின் மூலப் பகுதியை எட்டாம் திருமுறையில் திறந்து முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள். அச்சப்பத்து பத்தே பாட்டு, எதற்கெல்லாம் பயமில்லை, எதைக் கண்டால்தான் பயம் என்று அடுக்கிக்கொண்டே போவதால் பதின்ம வயதினருக்குச் சட்டென்று ஒட்டும்.

பிறருக்கு அனுப்பும்போது 11 பாட்டையும் ஒரே படமாக அனுப்பாதீர்கள், யாரும் படிப்பதில்லை. பதிக எண், பதிவின் இணைப்பு, ஒரே ஒரு பாட்டின் பொருள் உங்கள் சொல்லில் மூன்று வரி, இவ்வளவு போதும். கண் மங்கிய பெரியவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கி, பக்கத்துக்கு ஒரு பாட்டாக அச்செடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

ஈழத்து வாசகர்களுக்குச் சொந்த மண்ணின் பதிகங்களிலிருந்தே தொடங்க வழி உண்டு. திருக்கோணமலைக்குச் சம்பந்தர் பாடிய 'நிரைகழல் அரவம்', 3.123, பண் புறநீர்மை. பூபாளம் என்பதால் விடியலில் கேட்பது. திருக்கேதீச்சரத்துக்கு இரண்டு: சம்பந்தரின் 'விருது குன்றமாமேரு' 2.107 நட்டராகத்தில், சுந்தரரின் 'நத்தார்படை' 7.80 நட்டபாடையில். பெயர் ஒன்றுபோல் இருப்பதால் இந்த இரு பண்ணையும் குழப்பிக்கொள்கிறார்கள். நட்டராகத்தைப் பந்துவராளியிலும் நட்டபாடையை நாட்டையிலும் பாடுவார்கள். தலைப்பில் ஒன்றும் பதிவில் மற்றொன்றும் இருந்தால் காதிலேயே தெரிந்துவிடும்.