கொடைக்கானல் பனியும் காளானும்

கேள்வி: எனக்கு 32 வயது, எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. மனச்சோர்வுக்கு ஒன்றரை வருடமாக எஸ்சிடாலோபிராம் சாப்பிடுகிறேன், பாதிதான் பலன். ‘கொடைக்கானல் போய் போதைக் காளான் எடுக்கலாம், அமைதியான சூழலில் எடுத்தால் மூளையே மாறிவிடும், இரண்டு வாரம் முன்னாடியே மாத்திரையை நிறுத்திவிடு’ என்கிறார்கள் நண்பர்கள். போகலாமா டாக்டர்?
– வாசகர், மடிவாளா, பெங்களூரு

பதில்: முதலில் ஒன்று. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். தலைசுற்றல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு, எரிச்சல் எல்லாம் வரலாம். அடங்கிய சோர்வும் திரும்பலாம்.

சூழல் முக்கியம் என்று உங்கள் நண்பர்கள் சொன்னது உண்மைதான். ஆனால் எது சூழல் என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். அந்தக் காளானில் இருக்கும் போதைப் பொருளான சைலோசைபினை மனச்சோர்வுக்குத் தந்து ஆய்வு நடத்தும் அறைகளில் மலையும் கிடையாது, பனியும் கிடையாது. ஒரு சோபா, காதில் இசை, கண்ணில் துணிப்பட்டை. கண்ணையே மூடிவிடுகிறார்களே, அப்புறம் காட்சி எதற்கு? பல மணி நேரமும் பக்கத்திலேயே இருக்கும் பயிற்சி பெற்றவர்கள்தான் அங்கே சூழல். முன்பே பலமுறை பேசிப் பழகியவர்கள் அவர்கள்.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எலிகளிடம் பார்த்ததைச் சொல்கிறேன். மற்ற எலிகளோடு பழகி அதில் சுகம் காணக் கற்கும் பருவம் எலிக்கு இளமையோடு முடிந்துவிடும். எம்டிஎம்ஏ என்ற போதைப்பொருளைக் கொடுத்தால் அந்தப் பருவத்தின் கதவு மறுபடி திறந்தது. ஆனால் தனியாக அடைத்து வைத்துக் கொடுத்தபோது திறக்கவில்லை. 2023இல் வந்த அடுத்த ஆய்வில், திறந்த கதவு மயக்க மருந்தான கெட்டமினுக்கு 2 நாள், சைலோசைபினுக்கு 2 வாரம், எல்எஸ்டி என்ற போதைப்பொருளுக்கு 3 வாரம் திறந்தே இருந்தது. எலிக்கு நடந்தது மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் யோசியுங்கள்: இரண்டு நாள் கொடைக்கானல், திங்கட்கிழமை சில்க் போர்டு நெரிசல், அதே மேனேஜர், அதே தனி அறை. கதவு திறந்தே இருந்தாலும் உள்ளே வரப்போவது இவைதானே?

காட்டுக் காளானில் அளவு தெரியாது. ஈரலைக் கெடுக்கும் நச்சுக் காளானை அடையாளம் தெரியாமல் தின்றவர்களும் உண்டு. குடும்பத்தில் யாருக்காவது ஸ்கிசோஃப்ரினியாவோ இருதுருவக் கோளாறோ இருந்தால் ஆய்வுகளிலேயே சேர்க்க மாட்டார்கள். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் சைலோசைபின் தடை செய்யப்பட்டது. கையில் வைத்திருந்தாலே வழக்கு.

இத்தாலிய ஆய்வாளர்கள் ஃப்ளுவாக்செட்டின் என்ற மனச்சோர்வு மருந்து கொடுத்த எலிகளில், வசதியான கூண்டில் இருந்தவை தேறின, தொல்லைக்கு ஆளானவை மோசமாகின. நீங்கள் சாப்பிடுவதும் அதே வகை மருந்துதான். அந்தப் ‘பாதிப் பலன்’ ஏன் என்பதை இங்கிருந்து தேடத் தொடங்கலாம். தூக்கம் எப்படி, யாரோடு சாப்பிடுகிறீர்கள், தைராய்டு பார்த்தாயிற்றா, மாத்திரை அளவு போதுமா? இதையெல்லாம் மருத்துவரிடம் கேளுங்கள், நண்பர்களின் யோசனையையும் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரை மாற்றலாம், பேச்சு சிகிச்சை சேர்க்கலாம். எதற்கும் மசியாத சோர்வுக்கு, மருத்துவமனையில் கண்காணிப்போடு கெட்டமின் தருவதும் இங்கே உண்டு. அந்த முடிவை மருத்துவர் எடுக்கட்டும்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அண்ணனையோ அம்மாவையோ கூட்டிப்போங்கள். நடுவில் தாங்க முடியாமல் போனால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். சாகலாம் என்று தோன்றினால் காத்திருக்க வேண்டாம். ஓசூர் சாலை நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் அவசரப் பிரிவு ராத்திரியிலும் திறந்திருக்கும், மடிவாளாவிலிருந்து ஆட்டோ தூரம்தான்.