பசுவின் முழங்கால் எங்கே இருக்கிறது?

கேள்வி: பசுவின் முன்கால் முட்டி முன்பக்கமாகவும், பின்கால் முட்டி பின்பக்கமாகவும் துருத்தி நிற்கின்றன. ஒரே விலங்கின் முட்டிகள் எதிரெதிராக மடங்குவது ஏன்? (வாசகர், தாராபுரம்)

பதில்: நீங்கள் குறிப்பிடும் இரண்டுமே முட்டிகள் அல்ல. முன்காலில் மடங்குவது மணிக்கட்டு. பின்காலில் மடங்குவது கணுக்கால். அதன் பின்புறம் துருத்தி நிற்பது குதிகால் எலும்பு. உண்மையான முழங்கால், முட்டிச் சில்லுடன், அடிவயிற்றுத் தோல் மடிப்பை ஒட்டி மேலே இருப்பதால் எளிதில் கண்ணில் படுவதில்லை; அது நம் முழங்காலைப் போலவே முன்னோக்கித்தான் இருக்கிறது.

மணிக்கட்டுக்குக் கீழே, நம் உள்ளங்கையில் ஐந்து எலும்புகள் இருக்கும் இடத்தில், மாட்டுக்கும் ஆட்டுக்கும் மூன்றாம், நான்காம் விரல்களுக்குரிய இரண்டும் இணைந்து ஒரே நீண்ட எலும்பாகிவிட்டன. அதன் முன்பக்கத்தில் ஓடும் மெல்லிய பள்ளமும், கீழ்முனை இரண்டாகப் பிரிந்திருப்பதும் அந்த இணைப்பின் அடையாளங்கள். பிரிந்த அந்த முனைகளிலிருந்து இரண்டு விரல்கள் இறங்க, ஒவ்வொன்றின் கடைசி எலும்பையும் நகம்போல் மூடியிருப்பதே குளம்பு. குதிரை இன்னும் ஒரு படி மேலே போய், மூன்றாம் விரல் ஒன்றின் நுனியிலேயே நிற்கிறது. இவ்வகையில், சூப்புக்கு நாம் வாங்கும் ஆட்டுக்காலில் தொடையும் இல்லை, முழங்காலும் இல்லை. பெரும்பாலும் அது ஆட்டின் உள்ளங்கையும் விரல்களும்தான்! சதைப்பற்று மேலே திரண்டு, கீழ்ப்பகுதி எலும்பும் தசைநாணுமாக இலேசாக இருப்பதால், காலை விரைவாக வீசி ஓட முடிகிறது.

முன்காலில் இதைவிட வியப்பான செய்தி ஒன்றுண்டு. மாடு, ஆடு, குதிரை ஆகியவற்றுக்குக் காறை எலும்பு (நம் கழுத்தடியில் தோளை மார்பெலும்போடு இணைக்கும் எலும்பு) கிடையாது. முன்காலுக்கும் உடலின் எலும்புக்கூட்டுக்கும் இடையே மூட்டே இல்லை. இரு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே மார்புக்கூடு தசைகளில் தொட்டில் போலத் தொங்குவதால், தாவி இறங்கும்போது ஏற்படும் அதிர்ச்சியைத் தசைகளே தாங்கிக்கொள்கின்றன. கசாப்புக்காரர் ஆட்டின் முன்காலை எலும்பில் வெட்டு விழாமல் கத்தியாலேயே பிரித்தெடுக்க முடிவதும் இதனால்தான். பின்காலோ இடுப்பெலும்பின் குழியில் உறுதியாகப் பொருந்தியிருக்கிறது.

கேள்வி: மாட்டின் கொம்பு எலும்பா, நகமா? (வாசகி, மணப்பாறை)

பதில்: இரண்டும். உள்ளே இருப்பது நெற்றி எலும்பின் நீட்சி. மேலே இருப்பது நகத்தில் உள்ள அதே கெரட்டின் புரதத்தாலான உறை. வளர்ந்த மாட்டில் நெற்றி எலும்பின் காற்றறை கொம்பினுள்ளும் நீண்டிருப்பதால், கொம்பு அடியோடு முறிந்தால் இரத்தம் வடிவதோடு காற்றறையும் திறந்துகொள்ளும். ஆகவே அத்தகைய காயத்தைக் கால்நடை மருத்துவரிடம் காட்டாமல் விடக்கூடாது.